யூஜீன் கிறிஸ்தோஃபை "ராசியில்லாதவர்" என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது சரியா?

சங்கிலிவட்டம்:

ஜூலை வந்து டூர் டி பிரான்ஸ் தொடங்கிவிட்டால் யாராவது ஒருவர் 1913ஆம் ஆண்டின் துர்மாலே கணவாய்க் கதையை எடுத்துப் போடுகிறார். மலை இறக்கத்தில் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) உடைந்தது, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், கொல்லன் பட்டறையில் தானே சரிசெய்தார், சின்னப் பையன் துருத்தி ஊதிக் கொடுத்ததற்கு அபராதம் போட்டார்கள். கீழே எல்லோரும் "பாவம், ராசியில்லாத மனிதர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இருபது வருடத்துக்கும் மேல் தொழில்முறையாகப் பந்தயம் ஓட்டிய ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் ஒரே மதியத்துக்குள் அடைத்துவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பாரிஸில் 1885இல் பிறந்தவர் கிறிஸ்தோஃப். கற்ற தொழில் பூட்டு, இரும்பு வேலை. முதல் டூர் 1906, அதிலேயே 9ஆவது இடம். கடைசி டூர் 1925, அப்போது வயது 40. மொத்தம் 11 டூர்களில் கிளம்பி 8இல் பாரிஸ் வரை வந்து சேர்ந்தார். இடையில் 1910 மிலான்–சான் ரெமோ, 1920 பாரிஸ்–டூர், 1920இலும் 1921இலும் போர்தோ–பாரிஸ் என்று ஊர்விட்டு ஊர் போகும் பந்தயங்களில் வெற்றி. போர்தோ–பாரிஸ் என்றால் ஒரே மூச்சில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவேண்டிய பந்தயம். அதைத் தன் 36ஆவது வயதில் இரண்டாம் முறை ஜெயித்தார். பிரான்ஸின் சைக்ளோகிராஸ் சாம்பியன் பட்டம் 7 முறை: 1909 முதல் 1914 வரை தொடர்ச்சியாக, போர் முடிந்தபின் 1921இல் மறுபடியும்.

சைக்ளோகிராஸ் என்பது சேறு, படிக்கட்டு, வேலி எது வந்தாலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம். துர்மாலேயில் வண்டியைச் சுமந்துகொண்டு இறங்கினாரே, அந்த வேலையில் பிரான்ஸிலேயே அவரை மிஞ்ச அப்போது ஆள் இல்லை. ஐந்து வருடமாகத் தேசியப் பட்டம் அவரிடம்தான் இருந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது "பாவம்" என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புதுமிதி:

அண்ணா, அடிப்படைக் கேள்வி ஒன்று. ஃபோர்க் உடைந்தால் வேறு சைக்கிள் வாங்கி ஓட்டக்கூடாதா? அணியின் வண்டி பின்னால் வராதா?

சங்கிலிவட்டம்:

அப்போது கூடாது, தம்பி. பந்தயத்தை நடத்திய 'லோத்தோ' பத்திரிகையின் ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ஜ் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர். ஓட்டுபவர் தன் வண்டியைத் தானே பழுதுபார்க்க வேண்டும், வெளியார் கை படக்கூடாது. உடலும் இரும்பும் ஒன்றாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால்தான் எல்லோரும் மாற்று டயர்களை எட்டு வடிவத்தில் தோள் வழியாகக் குறுக்கே சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். கியர் மாற்றும் கருவிக்கு டூரில் அனுமதி கிடைத்ததே 1937இல்தான். அதுவரை ஏற்றத்துக்கு ஒரு பல்சக்கரம், இறக்கத்துக்கு இன்னொன்று. மாற்ற வேண்டுமானால் இறங்கிப் பின் சக்கரத்தையே கழற்றித் திருப்பி மாட்டவேண்டும்.

1913இல் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர், விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். ஒட்டுமொத்த நேரத்தில் முன்னணியில் இருந்தவர் முந்தைய வருடம் ஜெயித்த பெல்ஜியர் ஓடில் டெஃப்ரே. கிறிஸ்தோஃப் அவருக்கு 5 நிமிடம்கூடப் பின்னால் இல்லை. பிரனே மலைகளில் டெஃப்ரே சோர்ந்து பின்தங்கிப் பந்தயத்தையே விட்டு விலகினார். துர்மாலே உச்சியை இன்னொரு பெல்ஜியர் பிலிப் தீஸ் முதலில் கடந்தார், சில நிமிடங்களுக்குப் பின் கிறிஸ்தோஃப். அந்த நேரத்தில் கணக்குப்படி டூரின் முதலிடம் கிறிஸ்தோஃப் கையில், அதுவும் சுமார் 18 நிமிட முன்னிலையுடன். இறக்கத்தில்தான் ஃபோர்க் போனது. அடுத்த ஊர் சாந்த்-மரி-த-காம்பான், அதற்கு இன்னும் 10 கிலோமீட்டருக்கு மேல். தோளில் வண்டி, கையில் சக்கரம். காலையிலிருந்து பின்னால் விட்டுவந்த ஒவ்வொருவரும் அவரைக் கடந்து போனார்கள். கோபத்தில் அழுதுகொண்டே நடந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

பட்டறைவாசி:

நான் இரும்புப் பட்டறை வைத்திருப்பவன், அதனால் அந்தப் பட்டறைப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன். ஃபோர்க்கைத் தானே பற்றவைத்தார் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். கேஸ் வெல்டிங் இருக்கும் இன்றைய கடையில்கூட உடைந்த ஃபோர்க்கைச் சரிசெய்து கொடு என்றால் பாதிப் பேர் வேண்டாம், புதுசு போடுங்கள் என்பார்கள். அவருக்குக் கிடைத்ததோ நிலக்கரி உலை, பட்டறைக்கல், சுத்தியல், அரம், இடுக்கி.

குழாயை உலையில் வைத்துச் சிவக்கவைக்க வேண்டும். அது மெல்லிய குழாய், கனக் கம்பி இல்லை. சூடு ஒரு கணம் கூடினால் எரிந்து ஓட்டையாகும், குறைந்தால் ஒட்டாது. அந்தச் சரியான நிறம் வரும் நேரம் மிகக் குறுகியது, அதற்குக் காற்று சீராக வந்துகொண்டே இருக்கவேண்டும். துருத்தியை ஒருவர் ஊத, இன்னொருவர் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு அடிப்பதுதான் காலங்காலமாக உலைக்களத்தின் முறை. தனியாளாக ஊதிவிட்டு ஓடிவந்து அடிப்பதற்குள் இரும்பு ஆறிவிடும். ஆகவே அந்தப் பையன் துருத்தி ஊதியது ஏதோ சலுகை என்று நினைக்காதீர்கள், அந்த இரண்டு கை இல்லாமல் வேலையே முடிந்திருக்காது.

அப்புறம் நேர்கோடு. இரண்டு கால்களும் ஒரே நீளத்தில், ஒரே சரிவில் அமையாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். அளவுக்கருவி இல்லாமல் கண்ணால் பார்த்துத்தான் இதைப் பிடிக்க முடியும். பட்டறைக்காரர் லெகோம்ந்த் உதவத் தயாராகத்தான் இருந்தார், ஆனால் அதிகாரிகள் பக்கத்திலேயே நின்றதால் வாயால் வழி சொல்ல முடிந்ததே தவிர இரும்பைத் தொட முடியவில்லை. வேலை முடிய 3 மணி நேரம் ஆனது. சின்ன வயதில் கற்ற பூட்டு வேலைதான் அன்று அவரைக் காப்பாற்றியது. உடம்பில் அவரைவிட வலுவான ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ரயில் நிலையம் எங்கே என்று கேட்டிருப்பார்.

முக்கியமான விஷயம்: அதற்குப் பிறகு அவர் லூஷோன் போக ஆஸ்பன், பெய்ரசூர்த் என்று இன்னும் இரண்டு கணவாய்கள் ஏறி இறங்கவேண்டும். தன் கையால் ஒட்டவைத்த ஃபோர்க்கை நம்பி, மாலை இருட்டில், கரடுமுரடான மலைச்சாலையில் இறங்கினார். செய்த வேலை மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

புதுமிதி:

அபராதம் எவ்வளவு?

பட்டறைவாசி:

முதலில் 10 நிமிடம், பிறகு 3 ஆகக் குறைத்தார்கள். லூஷோனுக்கு வந்தபோது தீஸை விட 3 மணி 50 நிமிடம் பின்னால். அதற்கு முன்னால் 3 நிமிடமும் 10 நிமிடமும் ஒன்றுதான், ஆனாலும் அந்த அபராதத்தைத்தான் உலகம் மறக்கவில்லை.

நெடுந்தூரம்:

கிறிஸ்தோஃப் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிலிப் தீஸ் ஏதோ அடுத்தவர் சொத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் போல ஆகிவிடுகிறார், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1913 டூரை முழுவதும் பாருங்கள். லூஷோனில் தீஸ் முன்னணிக்கு வந்ததோடு அது முடியவில்லை. அடுத்து முன்னணிக்கு வந்தவர் மார்செல் பைஸ். அந்த டூரில் 6 கட்டங்களை (ஊருக்கு ஊர் பிரித்த தனித்தனி ஓட்டங்களை) ஜெயித்தவர், வேகத்தில் எல்லோரையும் விட மேல். அவருக்கு ஹேண்டில்பார் உடைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. மீண்டும் தீஸ் முன்னணி. பாரிஸுக்கு முந்தைய கட்டத்தில் தீஸ் விழுந்து நினைவிழந்தார், அவருடைய ஃபோர்க்கும் உடைந்தது! சைக்கிள் கடையில் உதவி வாங்கிச் சரிசெய்தார், 10 நிமிட அபராதம் வாங்கினார், கடைசியில் குஸ்தாவ் கரிகூவை 8 நிமிடம் 37 நொடியில் முந்தி ஜெயித்தார்.

ஒரே டூரில் முன்னணியில் இருந்த மூன்று பேருக்கும் இரும்பு உடைந்தது. அது கிறிஸ்தோஃபுக்கு மட்டும் நேர்ந்த விதி இல்லை, அந்தக் காலச் சாலைக்கும் அந்தக் கால இரும்புக்கும் அது வழக்கமான விஷயம். தீஸ் 1914, 1920 என மறுபடியும் இரண்டு முறை ஜெயித்து மூன்று டூர்களை வென்ற முதல் ஆள் ஆனார். அவர் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தோற்றவருக்குச் சிலை, ஜெயித்தவருக்கு மறதி. இதுவும் அநியாயம்தானே?

சங்கிலிவட்டம்:

தீஸ் பெரிய வீரர், மறுக்கவே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு ஃபோர்க்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன். ஒருவருக்குக் கடைகள் இருக்கும் சமவெளியில் உடைந்தது. கடைக்காரர் கைவைத்தார், விலை 10 நிமிடம். இன்னொருவருக்கு மலையில் உடைந்தது. யார் கையும் படாமல் தானே செய்தார், விலை ஏறக்குறைய நான்கு மணி நேரம், அதற்கு மேல் அபராதமும். விதியை அப்படியே கடைப்பிடித்தவர் அதிகமாக இழந்தார், மீறியவர் டூரையே வென்றார். தீஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, தலை சுற்றும் நிலையில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். கோளாறு விதியில் இருந்தது. உதவி பெற்றால் ஆகும் நஷ்டத்தைவிட உதவி பெறாவிட்டால் ஆகும் நஷ்டம் பல மடங்கு என்றால், அந்த விதி நேர்மைக்குத்தான் தண்டனை கொடுக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1905 முதல் 1912 வரை டூர் முடிவு நேரத்தை வைத்து இல்லை, புள்ளிகளை வைத்து. ஒரு கட்டத்தில் முதலில் வந்தால் ஒரு புள்ளி, அடுத்தவருக்கு அதைவிடக் கூடுதல், கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி. ஒரு மணி நேரம் முந்தி வந்தாலும் ஒரு முழம் முந்தி வந்தாலும் ஒரே கணக்கு. 1912இல் கிறிஸ்தோஃப் தொடர்ந்து மூன்று கட்டங்களை ஜெயித்தார். அதில் ஷமோனியிலிருந்து கிரெனோபிள் வரையிலான கட்டத்தில் 315 கிலோமீட்டர் தனியாளாக ஓட்டினார், டூர் வரலாற்றின் மிக நீண்ட தனி ஓட்டமாக இன்றுவரை சொல்லப்படுவது அதுதான். புள்ளிக் கணக்கில் அந்த உழைப்புக்குப் பெரிய மதிப்பே இல்லை. டெஃப்ரேக்குப் பெல்ஜியர்கள் எல்லோரும் அணி பார்க்காமல் உதவுகிறார்கள் என்று ஒக்தாவ் லாபிஸ் கோபித்துக்கொண்டு விலகினார். டெஃப்ரே ஜெயித்தார், கிறிஸ்தோஃப் இரண்டாமிடம்.

அந்தச் சலசலப்புக்குப் பிறகு 1913இல் நேரக் கணக்குக்கு மாறினார்கள். அந்த வருடம்தான் ஃபோர்க் உடைந்தது! புள்ளிக் கணக்கு இருந்திருந்தால் நான்கு மணி நேர நஷ்டம் அந்த ஒரு நாளில் சில பத்து இடங்கள் சரிந்ததோடு நின்றிருக்கும். நேரக் கணக்கில் எல்லாமே போனது.

நெடுந்தூரம்:

அந்த ஒப்பீடு நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபோர்க் உடையாமல் இருந்தால் 1913இல் அவர்தான் ஜெயித்திருப்பார் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். லூஷோனுக்குப் பிறகு இன்னும் பாதிக்கு மேல் டூர் மிச்சம் இருந்தது. மார்செல் பைஸின் அந்த வேகத்துக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

கோத்தகிரி ஏற்றம்:

நீங்கள் இருவரும் டூரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்னைக் கேட்டால் கிறிஸ்தோஃப் யார் என்பதைக் காட்டும் நாள் 1910 ஏப்ரல் 3. மிலான்–சான் ரெமோ, ஏறக்குறைய 290 கிலோமீட்டர்.

வடக்கு இத்தாலியில் அன்று கடுங்குளிர். துர்க்கீனோ கணவாயில் பனி கொட்டியது. மேலே போகப்போகச் சாலை தெரியவில்லை, கிறிஸ்தோஃப் சில இடங்களில் நடந்தார். ஒரு கட்டத்தில் கைகால் விறைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரப் பாறையில் சாய்ந்துவிட்டார். வழியில் வந்த ஒருவர் அவரைப் பக்கத்திலிருந்த சிறு விடுதிக்கு அழைத்துப் போனார். ஈர உடையைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி, சூடேற்ற ரம் கொடுத்தார்கள். அரை மணி நேரம் போலப் போயிருக்கும். பின்னால் வந்த வான் ஹவார்ட், எர்னஸ்ட் பால் ஆகியோரும் உள்ளே நுழைந்து நெருப்பு அருகில் நின்றார்கள். அவர்கள் மறுபடி வெளியே வரத் தயாராக இல்லை. கிறிஸ்தோஃப் ஒரு நீளக் கால்சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

விடுதிக்காரர் விடவே இல்லையாம், இந்த நிலையில் போகாதே என்று தடுத்திருக்கிறார். ஆனால் சன்னல் வழியே மற்ற ஓட்டக்காரர்கள் கடந்து போவதைப் பார்த்தபின் இவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதன்பின் ஒவ்வொருவராகப் பிடித்துத் தாண்டி 12 மணி 24 நிமிடத்தில் சான் ரெமோவில் முதலில் வந்து நின்றார். அடுத்தவர் ஜியோவான்னி கோக்கி வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. லூயிஜி கன்னா வழியில் காரில் ஏறியதால் நீக்கப்பட்டார். முடிவில் முறைப்படி வகைப்படுத்தப்பட்டவர்கள் 4 பேர் மட்டுமே.

வெற்றிக்கு அவர் கொடுத்த விலையும் சிறியதில்லை. கைகளிலும் உடம்பிலும் குளிர்க்காயம், ஒரு மாதம் மருத்துவமனை. பழைய உடல்நிலைக்குத் திரும்ப இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்: 1912இல் அவர் திடீரென்று உச்சத்தில் தெரிவது ஏன் என்பது புரியும். அப்போதுதான் உடம்பு அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

மலையில் நனைந்து நடுங்கி இறங்கிய அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரியும், கதகதப்பான அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுந்து வெளியே வருவது ஏற்றத்தைவிடக் கடினம். அவர் எழுந்து வந்தார். எனக்கு அவருடைய மொத்த வாழ்க்கையிலும் பெரிய முடிவு அதுதான்.

யாழ்மிதி:

நல்ல இழை. 1919 பற்றி ஒருவரும் இன்னும் எழுதேல்லை, நான் தொடங்கிறன்.

போர் அவரிடமிருந்து பறித்த வருடங்களை முதலில் நினைக்கவேணும். 1914 டூர் முடிந்த கையோடு போர். 29 வயதிலிருந்து 34 வரை, ஒரு ஓட்டக்காரனுக்கு உச்சமான காலம், டூரே இல்லை. முன்னாள் வெற்றியாளர்களில் ஃபிரான்சுவா ஃபாபர் 1915இலும், லாபிஸ் 1917இல் விமானத்திலும், லூசியன் பெத்தி-பிரெதோன் அதே வருடக் கடைசியில் கார் விபத்திலும் மாண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வந்தவர்களை வைத்து 1919 ஜூன் 29 அன்று டூர் மறுபடி தொடங்கியது. வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்தான மறுநாள்.

டயர் இல்லை, இரும்பு இல்லை, பயிற்சி இல்லை. சைக்கிள் கம்பனிகள் தனித்தனி அணி வைக்க வசதியில்லாமல் 'லா ஸ்போர்த்தீவ்' என்ற ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிற உடை கொடுத்தன. டூர் வரலாற்றிலேயே மிக மெதுவான டூர் அதுதான், சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் அளவில். தொடக்கத்தில் ஹென்றி பெலிசியே முன்னணியில் இருந்தார், பிறகு சண்டை பிடித்துக்கொண்டு விலகிப் போனார். முன்னணி கிறிஸ்தோஃபுக்கு வந்தது.

எல்லோரும் சாம்பல் நிறத்தில் ஓடினால் பார்வையாளருக்கு யார் முதலிடம் என்று எப்படித் தெரியும்? டெக்ராஞ்ஜ் ஜூலை 19 அன்று கிரெனோபிளில் கிறிஸ்தோஃபுக்கு ஒரு மஞ்சள் சட்டை கொடுத்தார். 'லோத்தோ' அச்சாகும் காகிதம் மஞ்சள். இன்று உலகமே அறிந்த மஞ்சள் சட்டையின் தொடக்கம் இது. வழியில் நின்ற சனம் "கேனரிக் குருவி" என்று கத்தினார்களாம், அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

நெடுந்தூரம்:

மஞ்சள் சட்டை விஷயத்தில் தீஸின் சாட்சியம் ஒன்று உண்டு. 1913இலேயே டெக்ராஞ்ஜ் தன்னிடம் முன்னணிக்காரருக்கு நிறச் சட்டை போடும்படி கேட்டதாகவும், முதலில் மறுத்துப் பிறகு தான் போட்டதாகவும் வயதான காலத்தில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

யாழ்மிதி:

அதைப் பல வருடம் கழித்து அவர் நினைவிலிருந்து சொன்னது மட்டும்தான். கிறிஸ்தோஃபினுடையது அன்றைய பத்திரிகையிலேயே வந்தது. அச்சில் இருப்பதைத்தான் நான் எடுப்பேன்.

சரி, கதைக்கு வருவம். பாரிஸுக்கு இரண்டே கட்டம் மிச்சம். மெட்ஸிலிருந்து டன்கிர்க் வரை 468 கிலோமீட்டர், வென்றவருக்கே 21 மணி நேரத்துக்கு மேல் எடுத்த கட்டம். இரண்டாமிடத்தில் இருந்த பெல்ஜியர் ஃபிர்மின் லாம்போவை விடக் கிறிஸ்தோஃப் 28 நிமிடம் முன்னால். பாதை போனது போர் நடந்த நிலத்தின் ஊடாக, ஷெல் விழுந்து நொறுங்கிய கல் பாவிய ரோட்டுகள். அதே 1919 வசந்தத்தில் பாரிஸ்–ரூபே பந்தயப் பாதையைப் பார்க்கப் போன பத்திரிகையாளர்கள்தான் அந்தப் பிரதேசத்துக்கு "வடக்கின் நரகம்" என்று பெயர் வைத்தார்கள். வலான்சியென் ஊருக்குக் கிட்ட மறுபடியும் ஃபோர்க் உடைந்தது.

இந்த முறை பக்கத்திலேயே ஒரு சைக்கிள் பட்டறை. ஆனாலும் விதி அதேதான், தன் கையால்தான் செய்யவேணும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே போனது. அதற்கடுத்த கடைசிக் கட்டத்தில் பஞ்சர் மேல் பஞ்சர். பாரிஸில் லாம்போ முதலிடம், ழான் அலவான் இரண்டாமிடம், கிறிஸ்தோஃப் மூன்றாமிடம், 2 மணி 26 நிமிடம் பின்னால். 28 நிமிடம் முன்னால் இருந்தவர் அப்படி முடித்தார் என்றால், இரண்டே கட்டத்தில் கிட்டத்தட்ட 3 மணி நேரத்தை இழந்திருக்கிறார்.

புதுமிதி:

இதைப் படிக்கும்போதே மனசு கனக்கிறது. ரசிகர்கள் சும்மாவா இருந்தார்கள்?

யாழ்மிதி:

இல்லை. 'லோத்தோ' நிதி திரட்டியது. நாடு முழுக்க இருந்து பணம் வந்தது. பாரன் ஹென்றி தெ ராத்ஸ்சைல்டு 500 பிராங்க் கொடுத்தார், சாதாரண சனம் 3 பிராங்க் அளவில் அனுப்பினார்கள். கொடுத்தவர்களின் பெயர்களைப் பத்திரிகை பக்கம் பக்கமாக அச்சிட்டது. மொத்தம் 13,000 பிராங்குக்கு மேல் சேர்ந்தது, வென்ற லாம்போவுக்குக் கிடைத்த பரிசைவிடக் கூட. போரில் வீட்டையும் ஆளையும் இழந்த சனங்கள் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் கதையை அவரில் கண்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறன்.

பட்டறைவாசி:

மூன்று முறை ஃபோர்க் உடைந்ததற்கு அவர் ஓட்டும் முறை காரணமா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அந்தக் காலத்து ஃபோர்க்கில் கால்கள் மேலே ஒரு தலைப்பகுதியில் சேரும், பித்தளை உருக்கிப் பற்றவைத்த இணைப்பு. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் முழு அழுத்தமும் அந்த இடத்தில்தான். பற்றவைக்கும்போது சூடு கொஞ்சம் கூடிப்போனால் அந்த ஓரத்தில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பளபளவென்றுதான் தெரியும். மயிரிழை விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஒரு நாளைக்கு 300, 400 கிலோமீட்டர், பாதிக்கு மேல் மண்ணும் கல்லும், பல வாரம். இதில் உடையாமல் இருந்ததுதான் ஆச்சரியம். நெடுந்தூரம் ஐயா சொன்ன மாதிரி தீஸுக்கும் உடைந்ததே.

நெடுந்தூரம்:

மூன்றாவது முறையை யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. 1922. கிறிஸ்தோஃபுக்கு வயது 37. மறுபடியும் மஞ்சள் சட்டை! பிறகு அதை இழந்து, கலிபியே கணவாய் இறக்கத்தில் ஃபோர்க் உடைந்து, கடைசியில் 8ஆவது இடம்.

அந்த டூரை யார் ஜெயித்தார் தெரியுமா? அதே லாம்போ, 36 வயதில். இன்றுவரை டூரை வென்றவர்களில் மிக வயதானவர் அவர்தான். அதிலும் ஒரு கதை உண்டு: முன்னணியில் இருந்த ஹெக்டர் ஹூஸ்கெம் சைக்கிள் உடைந்ததும் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டு, அனுமதி பெற்றே வேறு வண்டிக்கு மாறினார். பிறகு அதை ஏற்க முடியாது என்று ஒரு மணி நேர அபராதம் போட்டார்கள். லாம்போவுக்கு இரண்டு டூரும் இப்படிக் கிடைத்தவை. சங்கிலிவட்டம், விதியில்தான் கோளாறு என்று நீங்கள் சொன்னதற்கு 1913ஐ விட வலுவான ஆதாரம் இது. கேட்டு, அனுமதி வாங்கி மாற்றியவருக்கும் தண்டனை.

சங்கிலிவட்டம்:

மிகச் சரி. இதை நான் கிறிஸ்தோஃபோடு சேர்த்து யோசித்ததில்லை. 1919இல்கூட போல் துபோக் பெடல் அச்சைச் சரிசெய்யப் போவதற்கு ஒரு காரில் ஏறியதற்காகப் பந்தயம் முடிந்தபின் நீக்கப்பட்டார். வகைப்படுத்தப்பட்டவர்கள் 10 பேர் மட்டும் என்று ஆனதற்கு அதுவும் காரணம்.

கோத்தகிரி ஏற்றம்:

ஒரு சின்ன விஷயம். பழைய ரேஸ் சைக்கிள் சேகரிப்பவர்களுக்கு "கிறிஸ்தோஃப்" என்ற பெயர் வேறு வழியில் பழக்கம். பெடலில் காலை இறுக்கிப் பிடிக்கும் தோல் வார், இரும்புக் கிளிப், இரண்டிலும் அவர் பெயர் பொறித்திருக்கும். பல பத்தாண்டுகள் அந்தப் பெயரில் விற்றது, உலகத்தின் பெரிய பந்தயக்காரர்கள் எல்லாம் அதைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். டூரை ஒரு முறையும் ஜெயிக்காதவரின் பெயர் ஜெயித்தவர்களின் காலடியில் கூடவே போயிருக்கிறது.

புதுமிதி:

ஓட்டத்தை நிறுத்தியபின் என்ன செய்தார்? அந்த ஊரில் சிலை இருக்கிறது என்று மேலே சொன்னீர்களே.

சங்கிலிவட்டம்:

1926இல் ஓய்வு. 1970 பிப்ரவரியில் பாரிஸில் இறந்தார், வயது 85. சாந்த்-மரி-த-காம்பானில் பட்டறை இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள், அந்த விழாவுக்கு அவரே போயிருந்தார், முதியவராக. பின்னாளில் உடைந்த ஃபோர்க்கைக் கையில் ஏந்திய அவருடைய சிலையும் அங்கே வந்தது. பலகையில் அவர் ஜெயித்திருக்க வேண்டிய பந்தயம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். நெடுந்தூரம் அதற்குக் கையெழுத்துப் போடமாட்டார் என்று தெரியும்.

எனக்கு அந்தப் பலகையில் ஒரு குறை உண்டு. அதில் 1913 மட்டும்தான் இருக்கிறது. சான் ரெமோ இல்லை, போர்தோ–பாரிஸ் இல்லை, 40 வயதில் 1925 டூரைக் கிளம்பி முடித்து 18ஆவதாக வந்தது இல்லை. ஒட்டாவியோ போத்தெக்கியா ஜெயித்த வருடம் அது. அவர் பிறந்தபோது கிறிஸ்தோஃபுக்கு 9 வயது. 1906இல் ஓட ஆரம்பித்த ஒருவர் தனக்கு அடுத்த தலைமுறையோடும் பாரிஸ் வரை வந்து சேர்ந்திருக்கிறார்.

நெடுந்தூரம்:

கையெழுத்துப் போடமாட்டேன், சரிதான். ஆனால் "ராசியில்லாதவர்" என்ற சொல்லை நானும் இனிமேல் எழுதமாட்டேன், அதில் உங்கள் பக்கம். தீஸுக்குத் தனி இழை ஒன்று தொடங்குகிறேன், 1914 டூரிலிருந்து. அந்த வருடமும் கடைசி நேரத்தில் அவருக்கு அரை மணி நேர அபராதம், வெறும் 1 நிமிடம் 50 நொடியில் தப்பி ஜெயித்தார். எல்லோரும் அங்கே வாருங்கள். பட்டறைவாசி ஐயா கட்டாயம் வரவேண்டும், அங்கேயும் ஒரு சக்கரக் கதை இருக்கிறது.